கீத்லிக்கு வருகிறீர்களா? ஸ்டேஷன் பக்கம் வீடு என்று ஏமாறாதீர்கள்

இங்கிலாந்தில், வெஸ்ட் யார்க்‌ஷயரின் இந்த ஊரை (Keighley) எழுத்துக் கூட்டிக் 'கெய்லி' என்று படிக்காதீர்கள். கீத்லி. பக்கத்து ஸ்டீட்டனில் உள்ள ஏர்டேல் மருத்துவமனைக்கு வேலைக்கு வரும் செவிலியர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

இணையத்தில் விசாக் கணக்கு (eVisa), தேசியக் காப்பீட்டு எண், குடும்ப மருத்துவரிடம் பதிவு எல்லாவற்றையும் முதல் வாரமே முடித்துவிடுங்கள். வீட்டு அட்வான்ஸ் நம் ஊர் மாதிரி பத்து மாதம் கிடையாது. பொதுவாக ஐந்து வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. வீட்டுக்காரர் அதை 30 நாளுக்குள் வாடகை அட்வான்ஸ் பாதுகாப்புத் திட்டத்தில் கட்டிய சான்றைக் கேட்டு வாங்குங்கள்.

இனி, நான் பட்டது. கோவையில் இருந்தபடியே வீடு பார்த்தேன். கீத்லிக்குப் பக்கத்து ஊரான ஓக்வொர்த்தில் கல் வீடு, வாடகை குறைவு, வரைபடத்தில் மூன்று நிமிட நடையில் ரயில் நிலையம். "ஸ்டேஷன் பக்கம்தான்" என்று முகவரும் சொன்னார். நம் ஊரில் ஸ்டேஷன் என்றால் தினமும் வண்டி உண்டு. வேறென்ன கேட்கத் தோன்றும்? முதல் திங்கள் விடியலில் போய் நின்றால் கதவு பூட்டிக் கிடந்தது. டாக்சிக்குக் கொடுத்த காசு இன்றும் வயிற்றெரிச்சல். முகவர் தெரிந்தே சொல்லாமல் விட்டதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அந்த ஸ்டேஷன் இருப்பது நீராவி ரயில் பாதையில். அந்தப் பாதை கம்பளி ஆலைகளுக்கு நிலக்கரியும் சரக்கும் கொண்டுவர ஆலை முதலாளிகள் முன்னின்று போட்டது, 1867இல் திறந்தது. மூடப்பட்ட பாதையை ஆர்வலர்கள் மீட்டு 1968இல் மறுபடி ஓட்டினார்கள். கீத்லியிலிருந்து ஆக்ஸன்ஹோப் வரை ஐந்து மைல். பெரும்பாலும் வார இறுதியிலும் விடுமுறையிலும்தான் ஓடும். இங்ரோ, டேமம்ஸ், ஓக்வொர்த், ஹவொர்த், ஆக்ஸன்ஹோப்: இந்த ஐந்து ஸ்டேஷனையும் நம்பி வீடு எடுக்காதீர்கள். கீத்லி நிலையத்தில் 1, 2ஆம் நடைமேடைகளில்தான் லீட்ஸ், ஸ்கிப்டன் வண்டிகள் வரும். ஸ்டீட்டன் அடுத்த நிறுத்தம். 3, 4 நீராவிக்கு.

ஆனாலும் வீடு மாறியபின் ஒரு சனிக்கிழமை அதில் ஏறினேன். கரிப்புகை மூக்கில் ஏறியதும், சிறு வயதில் மேட்டுப்பாளையத்தில் அப்பா கையைப் பிடித்து ஊட்டி ரயிலுக்குக் காத்திருந்தது நினைவுக்கு வந்து அழுதுவிட்டேன். அந்தப் பாதையைக் காப்பாற்றியவர்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை.

ஓக்வொர்த் வீடு பிடித்திருந்தால் எடுங்கள். அதற்குமுன் திங்கள் காலை முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்துவிடுங்கள்.