லாங் ரன் முடிந்த பிறகு: உப்பு, தண்ணீர், இட்லி

சென்னையில் விடிவதற்கு முன்பே கிளம்பி ஓடினாலும் 18 கிலோமீட்டர் முடிக்கும்போது தொப்பி ஓரத்தில் வெள்ளைக் கோடாக உப்புப் படிந்திருக்கும். கடலோரக் காற்றில் ஈரப்பதம் அதிகம், வியர்வை சீக்கிரம் ஆவியாகாது, உடம்பு சூடு தணியாமல் மேலும் மேலும் வியர்த்துக்கொண்டே இருக்கும். அதனால் இங்கே ஓடுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது உப்பைப் பற்றித்தான்.

படி 1: எடை பாருங்கள்

இது ஓடுவதற்கு முன்பே தொடங்கும் வேலை. கழிவறை போய்வந்து, குறைந்த உடையில் எடை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் நனைந்த துணியைக் கழற்றி, துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். போன வாரம் எனக்கு 62.4 கிலோ 60.9 ஆகியிருந்தது. ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் போயிருக்கிறது என்று கணக்கு.

படி 2: உடனே உட்காராதீர்கள்

ஓடும்போது கெண்டைக்கால் தசைகள்தான் ரத்தத்தை மேலே தள்ளுகின்றன. சட்டென்று நின்றால் ரத்தம் காலிலேயே தங்கி, தலை சுற்றும். பத்து நிமிடம் மெதுவாக நடங்கள், அது போதும்.

படி 3: தண்ணீர், ஆனால் உப்போடு

இதில்தான் நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முதல் வருடம் ஒரு ஞாயிறு, ஓடி வந்ததும் வெறும் தண்ணீரையே இரண்டு லிட்டருக்கு மேல் மடமடவென்று குடித்தேன், மதியம் முழுக்கத் தலைவலி, குமட்டல். வியர்வையில் உப்பும் போயிருக்க, வெறும் தண்ணீரை மட்டும் நிறைய ஊற்றினால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். அளவு மீறினால் உயிருக்கே ஆபத்து.

இழந்த ஒவ்வொரு கிலோவுக்கும் 1.25 முதல் 1.5 லிட்டர் வரை, மூன்று நான்கு மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். போன வாரம் ஒன்றரைக் கிலோ குறைந்திருந்த எனக்குச் சுமார் இரண்டு லிட்டர் தேவைப்பட்டது. அதில் பாதியை உப்புப் போட்ட நீர்மோராகவே குடித்தேன். ஓஆர்எஸ் என்றால் பாக்கெட்டில் சொன்ன அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம்தான் அதிகம், சோடியம் குறைவு, கூடவே உப்புள்ள சாப்பாடு வேண்டும். எடை குறையாமல் கூடியிருந்தால், ஓடும்போதே அதிகம் குடித்துவிட்டீர்கள் என்று அர்த்தம், மேற்கொண்டு ஊற்றாதீர்கள். ரத்த அழுத்தம், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் உப்பு விஷயத்தில் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள்.

படி 4: ஒரு மணி நேரத்துக்குள் சாப்பாடு

தசையில் சேர்த்து வைத்திருந்த மாவுச்சத்து (கிளைகோஜன்) பெருமளவு காலியாகியிருக்கும். உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் மாவுச்சத்து, கூடவே 20 கிராம் புரதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 கிலோ உள்ளவருக்கு நாலு இட்லி, ஒரு வாழைப்பழம், இரண்டு அவித்த முட்டை கிட்டத்தட்ட சரியாக வரும். சாம்பாரில் உப்பும் பருப்பும் இருக்கிறது, தாராளமாக ஊற்றிக்கொள்ளுங்கள். முட்டை சாப்பிடாதவர்கள் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலும் ஒரு டம்ளர் பாலும் சேர்த்துக்கொள்ளலாம். நெய் வழியும் பொங்கலும் வடையும் ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் ஓடிக் களைத்த வயிற்றில் கொழுப்பு மெதுவாகத்தான் செரிக்கும், கொஞ்சம் பொறுத்துச் சாப்பிடுங்கள். பசியே எடுக்கவில்லையா? பழத்தையும் பாலையும் மிக்ஸியில் அடித்துக் குடித்துவிடுங்கள், சாப்பாடு அப்புறம்.

படி 5: தூக்கம்

மதியம் அரை மணி நேரம், இரவில் வழக்கத்தைவிடச் சீக்கிரம். ஐஸ் குளியல் கட்டாயமில்லை. கால் வலிக்கிறதே என்று இப்யூபுரூஃபன் மாதிரி மாத்திரையை மட்டும் போடாதீர்கள், உடம்பில் நீர் குறைந்திருக்கும் நேரத்தில் அது சிறுநீரகத்துக்குக் கெடுதல். சிறுநீர் கோலா நிறத்தில் போனாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, பேச்சு குழம்பினாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

சாதாரணத் தசைவலி ஒரு நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும், மூன்றாம் நாள் வரைகூட இருக்கும். ஞாயிறு ஓடியிருந்தால் செவ்வாய்க்கிழமை காலை மாடிப்படி இறங்கிப் பாருங்கள், தொடை இன்னும் பிடித்தால் அன்றைக்கு வேக ஓட்டத்தை விட்டுவிட்டு அரை மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள்.