பழைய கடன் பற்று அட்டையை முறையாக அடைத்து மூடுவது எப்படி?

கடன் பற்று அட்டையின் (கிரெடிட் கார்டின்) பாக்கியைக் கட்டி முடிப்பதும் அந்த அட்டைக் கணக்கை மூடுவதும் வெவ்வேறு காரியங்கள். இதை நான் அறிந்துகொண்டது பினாங்கில் வீட்டுக் கடனுக்கு மனுச் செய்தபோதுதான். பட்டர்வொர்த்தில் குடியிருந்த காலத்தில் எடுத்த ஓர் அட்டையின் பாக்கியை முழுதாகக் கட்டி, அட்டையைக் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டிப் போட்டுவிட்டு, கணக்குத் தீர்ந்தது என்று நிம்மதியாக இருந்தேன். வங்கியின் ஏட்டில் அந்த அட்டை உயிரோடுதான் இருந்தது. ஆண்டு திரும்பியதும் அட்டைக்கு அரசு விதிக்கும் 25 ரிங்கிட் சேவை வரி ஏறியது. அறிக்கை பழைய முகவரிக்குப் போனது. கட்டாத தொகைக்கு மாதந்தோறும் தாமதக் கட்டணமும் சேர்ந்தது. கடன் அதிகாரி சிசிரிஸ் எனும் என் கடன் பதிவு அறிக்கையைத் திருப்பிக் காட்டியபோது, மற்ற வரிசைகளில் எல்லாம் பூச்சியம் நிற்க, அந்த ஒரு வரிசையில் மட்டும் 1, 2, 3 என்று எண்கள் படியேறி நின்றன.

அந்த எண்கள் எத்தனை மாதத் தவணை நிலுவையில் இருக்கிறது என்பதைக் குறிப்பவை. சிசிரிஸ் என்பது மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா நடத்தும் கடன் தகவல் பதிவு. அதில் கடந்த 12 மாதங்களின் கட்டண வரலாறு தெரியும். கறுப்புப் பட்டியல் என்று நம்மவர்கள் பயந்து பேசுவதுபோல் அதில் ஒரு பட்டியலும் கிடையாது. பதிவைப் பார்த்துக் கடன் கொடுப்பதா இல்லையா என்று முடிவெடுப்பது அந்தந்த வங்கிதான். மதிப்பெண் போடுவது சிடோஸ் போன்ற தனியார் நிறுவனங்கள். சிடோஸ் மதிப்பெண் 300 முதல் 850 வரை போகும். அதில் ஒழுங்காகக் கட்டிய வரலாற்றுக்கு 45 விழுக்காடும், பாக்கித் தொகைக்கு 20 விழுக்காடும், கடன் வரலாற்றின் வயதுக்கு 7 விழுக்காடும் எடை. பழைய அட்டையை மூடினால் மதிப்பெண் சரிந்துவிடும் என்று அமெரிக்க நிலவரத்தை வைத்துச் சொல்லப்படும் அறிவுரையை நாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. பயன்படுத்தாமல் மறந்துபோகும் அட்டை 7 விழுக்காட்டைக் காப்பாற்றப் போய் 45 விழுக்காட்டைக் கெடுத்துவிடும் என்பதை நான் பட்டே தெரிந்துகொண்டேன். ஆண்டுக் கட்டணம் இல்லாத பழைய அட்டை ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை மூடுவதே பெரும்பாலான குடும்பங்களுக்குப் போதும் என்பது என் கருத்து.

முதலில் கடனை அடைக்க வேண்டும். வட்டி எல்லாருக்கும் ஒன்றல்ல: 12 மாதங்கள் விடாமல் உரிய தேதியில் கட்டியவருக்கு ஆண்டுக்கு 15 விழுக்காடு, 12-இல் 10 மாதங்களாவது ஒழுங்காகக் கட்டியவருக்கு 17, மற்றவருக்கு 18. ஆகவே ஒவ்வோர் அட்டையின் அறிக்கையிலும் வட்டி விகிதத்தைப் பார்த்து, எல்லா அட்டைகளுக்கும் குறைந்தபட்சத் தொகையைத் தேதி தவறாமல் கட்டிக்கொண்டே, கையில் மிஞ்சுவதை முழுவதும் வட்டி அதிகமான அட்டையில் போடுங்கள். 6,000 ரிங்கிட் பாக்கிக்கு 5 விழுக்காடான 300 ரிங்கிட்டை மட்டும் கட்டினால், 18 விழுக்காட்டு வட்டியாக ஏறத்தாழ 90 ரிங்கிட் போய், அசலில் குறைவது 210 மட்டுமே. அந்தக் குறைந்தபட்சத் தொகையையே கட்ட முடியாத நிலை வந்துவிட்டால், வேறு அட்டையிலிருந்து ரொக்கம் எடுத்து அடைக்கப் பார்க்காதீர்கள். பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த ஏகேபிகே, கடன் ஆலோசனையையும் கடன் நிர்வாகத் திட்டத்தையும் இலவசமாகவே தருகிறது. அங்கே போவதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

கடைசிக் கட்டணத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். உங்கள் அறிக்கை மாதத்தின் 5-ஆம் தேதி 6,000 ரிங்கிட் என்று வருகிறது, நீங்கள் 20-ஆம் தேதி 6,000-ஐயும் கட்டிவிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பாக்கியைச் சுமந்துவந்த அட்டைக்கு வட்டி நாள் கணக்கில் ஓடுகிறது. ஒரு நாளைக்கு 2 ரிங்கிட் 96 சென் வீதம் அந்த 15 நாளுக்கு 44 ரிங்கிட் 38 சென் அடுத்த அறிக்கையில் வந்து நிற்கும். முழுதும் கட்டிவிட்டோமே என்று அந்த அறிக்கையைப் பிரிக்காமல் விட்டால், குறைந்தது 10 ரிங்கிட் தாமதக் கட்டணமும் நிலுவைப் பதிவும் கூடவே வரும். எனவே கட்டுவதற்கு முன் வங்கியை அழைத்து, இன்ன தேதியில் கணக்கைத் தீர்க்க எவ்வளவு என்று கேட்டு அந்தத் தொகையைக் கட்டுங்கள். அதன்பின் வரும் அறிக்கையையும் கண்ணால் பாருங்கள்.

மூடச் சொல்லும் முன் அந்த அட்டையில் என்னென்ன தொங்கிக்கொண்டிருக்கிறது என்று கடந்த 12 மாத அறிக்கைகளை வரிவரியாகப் பார்க்க வேண்டும். ஆஸ்ட்ரோ தொலைக்காட்சி, யூனிஃபை இணையம் போன்ற மாதக் கட்டணங்கள் நின்றால் ஒரு நினைவூட்டல் வரும், கட்டிவிடலாம். மருத்துவக் காப்புறுதிச் சந்தா அப்படி அல்ல. ஆண்டுக்கொரு முறை பிடிக்கப்படும் சந்தா அட்டை மூடிய பிறகு பிடிபடாமல் போய், பாலிசி காலாவதியானது மருத்துவமனை முகப்பில்தான் தெரியவந்தால் அந்தக் குடும்பம் என்ன செய்யும்? காப்புறுதி நிறுவனத்திடம் புதிய அட்டை எண்ணைக் கொடுத்து, ஒரு சந்தாவாவது புதிய அட்டையில் பிடிபட்டதைப் பார்த்த பிறகே பழையதில் கை வையுங்கள். தவணை முறையில் வாங்கிய பொருள் இருந்தால் மீதித் தவணை முழுவதையும் கட்டக் கேட்பார்கள். சேர்த்த வெகுமதிப் புள்ளிகளை முன்பே மாற்றிக்கொள்ளுங்கள். மனைவி அல்லது பிள்ளைகள் பெயரில் துணை அட்டை இருந்தால், அதற்கும் ஆண்டுக்கு 25 ரிங்கிட் வரி உண்டென்பதால், அதையும் சேர்த்து மூடச் சொல்லுங்கள். இவை அனைத்தையும் வரி ஏறும் மாதத்துக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது.

தொலைபேசியில் மூடச் சொன்னால், ஆண்டுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிறோம், வைத்துக்கொள்ளுங்கள் என்று அதிகாரி சொல்லக்கூடும். சேவை வரி வேறு, ஆண்டுக் கட்டணம் வேறு என்பதை நினைவில் வைத்து, மூடுவதே உங்கள் முடிவு என்றால் பணிவாக அதையே திரும்பச் சொல்லுங்கள். பேசிய தேதி, நேரம், அதிகாரியின் பெயர், மேற்கோள் எண் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, அட்டையின் கடைசி நான்கு எண்கள், பாக்கி பூச்சியம், கணக்கு மூடப்பட்ட தேதி ஆகிய மூன்றும் உள்ள கடிதத்தை எழுத்து வடிவில் கேளுங்கள். கணக்கில் உங்கள் பணம் மிகுதியாக நின்றால், அதைச் சேமிப்புக் கணக்கில் போடச் சொல்லுங்கள்.

வங்கிகள் சிசிரிஸுக்கு மாதந்தோறும் தகவல் அனுப்புவதால், இரண்டு மாதம் கழித்து இ-சிசிரிஸ் இணையத்தளத்தில் இலவசமாக உங்கள் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். மூடிய அட்டை இன்னும் நிலுவைக் கடன்களின் வரிசையில் நின்றால், அந்தக் கடிதத்தின் நகலோடு வங்கிக்கே எழுதுங்கள். தகவலைத் தந்த வங்கிதான் அதைத் திருத்தித் தர வேண்டும். என் பழைய வங்கியிடமிருந்து அந்தக் கடிதம் கைக்கு வந்தபின், அந்த நிலுவைப் பதிவு என் அறிக்கையிலிருந்து விலகும்வரை காத்திருந்து வீட்டுக் கடனுக்கு மறுபடி மனுச் செய்தேன். அந்தக் கடிதம் இப்போதும் வீட்டு ஒப்பந்தத்தோடு ஒரே கோப்பில்தான் இருக்கிறது.