பாலினக் கேள்வியோடு பல துறைகளைப் படிப்பது எப்படி?

கல்லூரியில் பெண்களைப் பற்றியும் பாலினத்தைப் பற்றியும் படிக்க விரும்புவோர் பெரும்பாலும் மகளிரியல் பாடம் ஒன்றில் சேர்ந்து, அத்துடன் தேடலை முடித்துக்கொள்கிறார்கள். அந்தப் பாடம் அவசியமானது. கோட்பாடுகளை அவ்வளவு ஒழுங்காக வேறெங்கும் கற்க இயலாது. ஆனால் பொருளியல், மானிடவியல், மருத்துவம், சட்டம் என ஒவ்வொரு துறையும் எதை எண்ணுவது, யாரிடம் கேட்பது, எதைச் சான்றாக ஏற்பது என்பதை முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருக்கிறது; பெண்கள் விடுபட்டுப்போவது பெரும்பாலும் அந்தத் தீர்மானங்களில்தான். எனவே எந்தத் துறைக்குள் சென்றாலும் அதன் முடிவுகளுக்கு முன்பாக அதன் அளவுகோலைப் படியுங்கள்.

தொடக்கத்தில் ஒரே ஒரு கேள்வியைத் தேர்ந்துகொள்ள வேண்டும். ‘பெண்களின் நிலை’ போன்ற பரந்த தலைப்பு எந்தத் துறையிலும் பிடி தராது. ‘வீட்டில் ஊதியமின்றிச் செய்யப்படும் வேலை எப்போது வேலையாகக் கணக்கில் வருகிறது?’ என்று கேட்டால் வழி உடனே திறக்கும். இந்தக் கேள்வியோடு பொருளியலுக்குள் நுழைபவர் முதலில் தேசியக் கணக்குகளின் விதிகளைப் படிக்க வேண்டும். சொந்த வீட்டில் குடியிருப்பவர் தமக்குத் தாமே வாடகை தருவதாகக் கருதி ஒரு தொகையை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சேர்க்கும் அதே விதிகள், அந்த வீட்டில் நடக்கும் சமையலையும் குழந்தை வளர்ப்பையும் சேர்ப்பதில்லை. நியூசிலாந்தின் மேரிலின் வேரிங் 1988இல் இந்த விடுபடலை விரிவாக விமர்சித்தார். அடுத்து அமெரிக்கப் பொருளியல் வரலாற்றாய்வாளர் கிளாடியா கோல்டினின் ஆய்வுமுறையைப் படிக்கலாம். அமெரிக்காவின் பழைய பதிவுகள் மணமான பெண்ணின் தொழிலை ‘மனைவி’ என்றே குறித்ததால், பண்ணையிலும் குடும்பத் தொழிலிலும் அவர்கள் உழைத்த உழைப்பு புள்ளிவிவரத்தில் இடம்பெறவில்லை என்பதைக் கண்ட அவர், நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புகள் போன்ற பிற மூலங்களைக் கொண்டு எண்களைத் திருத்தினார். வேளாண்மையிலிருந்து தொழிற்சாலைக்குச் சமூகம் நகர்ந்தபோது மணமான பெண்களின் வேலைப் பங்கேற்பு சரிந்து, சேவைத்துறை வளர்ந்தபோது மீண்டும் உயர்ந்ததை அந்தத் திருத்தம் காட்டியது. 2023இல் அவருக்குப் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு நல்ல பாலின ஆய்வு தன் துறையின் கருவிகளைக் கைவிடாமலேயே எவ்வளவு தூரம் செல்ல முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடத்தை நான் அறியேன்.

மானிடவியலில் கவனிக்க வேண்டியது, களத்தில் யாருடைய வாழ்க்கை ஆய்வாளரின் பார்வைக்கு வந்தது என்பது. பாப்புவா நியூ கினியைச் சேர்ந்த டிரோபிரியாண்ட் தீவுகளில் முதல் உலகப் போர்க்காலத்தில் தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி, ஆண்களின் பரிமாற்றங்களை மிக நுணுக்கமாக விவரித்தார். அரை நூற்றாண்டுக்குப் பின் அதே தீவுகளுக்குச் சென்ற அனெட் வெய்னர், ஈமச்சடங்குகளில் பெண்கள் வாழையிலைக் கட்டுகளையும் நார்ப்பாவாடைகளையும் செல்வமாகப் பரிமாறிக்கொள்வதையும், அந்தச் செல்வத்துக்குச் சமூகத்தில் பெரும் மதிப்பு இருப்பதையும் 1976இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். இப்படி ஒரே களத்தைப் பற்றிய இரண்டு ஆய்வுகளை அருகருகே வைத்துப் படிப்பது, கோட்பாட்டு நூல் பலவற்றைப் படிப்பதைவிட விரைவாகக் கண்ணைப் பழக்கும். இலக்கியத்திலும் வரலாற்றிலும் இதே பயிற்சியைச் செய்யலாம். எந்த ஆவணம் பாதுகாக்கப்பட்டது, எந்தப் படைப்பு மறுபதிப்புக் கண்டது என்ற கேள்விகளிலிருந்து தொடங்கினால் போதும்.

மருத்துவத்துக்கும் உயிரியலுக்கும் செல்லும்போது, உடல்சார்ந்த பாலையும் சமூகம் வகுக்கும் பாலினத்தையும் பிரித்துப் பார்க்கும் கவனம் மிகவும் தேவை. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1977இல் வெளியிட்ட வழிகாட்டுதல், கருவுறும் வாய்ப்புள்ள பெண்களைத் தொடக்கநிலை மருந்துச் சோதனைகளிலிருந்து விலக்கியது. 1993இல்தான் அது மாற்றப்பட்டது. சோல்பிடெம் என்ற தூக்க மருந்து பெண்களின் உடலிலிருந்து மெதுவாக வெளியேறுவதால் மறுநாள் காலை வாகனம் ஓட்டுவதே ஆபத்தாகலாம் என்று கூறி, அதே நிர்வாகம் 2013இல் பெண்களுக்கான பரிந்துரை அளவைப் பாதியாகக் குறைக்கச் செய்தது. ஆகவே ஓர் ஆய்வுக் கட்டுரையை எடுத்ததும் முறையியல் பகுதிக்குச் சென்று, பங்கேற்றவர்களில் பெண்கள் எத்தனை பேர், முடிவுகள் தனித்தனியே தரப்பட்டுள்ளனவா, குடும்பம் முழுவதற்கும் ஒருவரே பதில் சொன்னாரா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

‘பெண்கள்’ என்ற சொல்லையும் ஒரே திரளாகக் கொள்ள வேண்டாம். அமெரிக்க வாகன நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் மீது கறுப்பினப் பெண்கள் ஐவர் தொடுத்த வழக்கில், இனப் பாகுபாட்டையும் பாலினப் பாகுபாட்டையும் இணைத்து முறையிட இயலாது என்று 1976இல் நீதிமன்றம் கூறியது. நிறுவனம் வேலைக்கு எடுத்த பெண்கள் வெள்ளையர்களாக இருந்தது அந்தத் தர்க்கத்தில் மறைந்துபோயிற்று. சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் இந்த வழக்கையும் ஆராய்ந்தே, ஒருவர் மீது பல பாகுபாடுகள் ஒன்றுசேர்ந்து செயல்படுவதைக் குறிக்கும் குறுக்குவெட்டுத்தன்மை என்ற கருத்தை முன்வைத்தார். வர்க்கம், சாதி, இனம், உடற்குறை ஆகியவற்றில் உங்கள் கேள்வியை எது மாற்றுகிறது என்று ஒவ்வொரு முறையும் சோதியுங்கள்.

பாடங்களைத் தேர்ந்தெடுக்கும்போது ஓர் அறிமுகக் கோட்பாட்டுப் பாடத்தோடு, உங்கள் முதன்மைத் துறையின் ஆய்வுமுறைப் பாடத்தையும் கட்டாயம் எடுங்கள். முறையை அறியாமல் ஒரு துறையை விமர்சிப்பவரின் சொல்லை அத்துறையினர் பொருட்படுத்தமாட்டார்கள். இறுதிக் கட்டுரையில் ஒரு புதினத்தின் காட்சியைக் கணக்கெடுப்பு எண்ணுக்குச் சான்றாகவோ, சராசரி ஒன்றைத் தனியொரு பெண்ணின் அனுபவமாகவோ காட்டிவிடாமல், ஒவ்வொரு மூலமும் எதுவரை பேச முடியும் என்பதை அது வரும் இடத்திலேயே ஒரு வரியில் எழுதிவிட வேண்டும்.