கோழிக் கருவின் மூளையில் மரபணுக்களைப் படிக்கும்போது சறுக்கும் இடங்கள்

இன்குபேட்டரில் வைத்து ஒன்றரை நாள் ஆயிற்று, ஆகவே கரு இந்த நிலைக்கு வந்திருக்கும் என்று கணக்குப் போடுவதுதான் முதல் சறுக்கல். இட்ட முட்டையிலேயே பல்லாயிரம் செல்கள் உருவாகியிருக்கும். முட்டை எத்தனை நாள் குளிரில் கிடந்தது, 38 டிகிரிச் சூடு ஏற எவ்வளவு நேரம் பிடித்தது என்பதெல்லாம் சேர்ந்து, ஒரே தட்டில் உள்ள கருக்களையே முன்பின்னாக்கிவிடும். ஹாம்பர்கர், ஹாமில்டன் என்ற கருவியலாளர்கள் 1951-இல் கோழிக் கருவின் வளர்ச்சியை 46 நிலைகளாகப் பிரித்தது இதற்காகத்தான். கருவின் முதுகில் ஜோடி ஜோடியாகத் தெரியும் திசுக்கட்டிகளான சோமைட்டுகளை எண்ணுங்கள், 10 ஜோடி இருந்தால் 10-ஆம் நிலை.

சில மணி நேர வித்தியாசம் என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். க்ராக்ஸ்20 மரபணுவைப் பாருங்கள். கருவின் பின்மூளை வரிசையான துண்டங்களாகப் பிரிந்திருக்கும்; அந்த மரபணு முதலில் மூன்றாம் துண்டத்தில் வெளிப்பட்டு ஒரு பட்டையாகத் தெரியும். ஐந்தாம் துண்டத்தில் அடுத்த பட்டை அப்புறம்தான் வரும். சோதனைக் கரு கொஞ்சம் இளையதாக இருந்துவிட்டால் ஒரு பட்டைதான் இருக்கும். உடனே “நாம் கொடுத்த மருந்து பட்டையை அழித்துவிட்டது” என்று எழுதிவிடுவார்கள்.

இரண்டாவது, ‘இந்த மரபணுவுக்கு இந்த வேலை’ என்று முத்திரை குத்துவது. எஃப்ஜிஎஃப்8 என்ற சமிக்ஞைப் புரதத்தை நடுமூளைக்கும் பின்மூளைக்கும் இடையிலுள்ள எல்லை சுரக்கிறது. 1996-இல் அந்தப் புரதத்தில் ஊறிய நுண்மணியை, நடுமூளைக்கு முன்னால் உள்ள டையன்செஃபலானின் பின்பகுதியில் வைத்தபோது அங்கே நடுமூளை உருவானது. பிற்பாடு அதன் ‘பி’ வடிவத்தை நடுமூளையில் வலுவாக ஏற்றியபோது, நடுமூளைக்குரிய ஓடிஎக்ஸ்2 மரபணு அடங்கி, பின்மூளைக்குரிய ஜிபிஎக்ஸ்2 மரபணு கிளம்பி, அந்த இடம் சிறுமூளையாக மாறியது. ஆக, முடிவு சமிக்ஞையின் வலுவையும், அதைக் கேட்கும் செல்லில் எந்த மரபணுக்கள் ஏற்கெனவே இயங்குகின்றன என்பதையும் பொறுத்தது. அளவைச் சொல்லாமல் ‘தூண்டியது’ என்று மட்டும் எழுதினால் அதில் பாதிச் செய்திகூட இல்லை.

மின்துடிப்பால் கருவின் மூளைச் செல்களுக்குள் டிஎன்ஏ ஏற்றுபவர்களுக்கு ஒரு வசதி உண்டு. டிஎன்ஏவுக்கு எதிர்மின்னூட்டம் என்பதால் நேர்மின்வாய்ப் பக்கமுள்ள செல்களுக்குள்தான் அது போகும்; மறுபக்கம் ஒப்பீட்டுக்குக் கிடைக்கும். அது மட்டும் போதும் என்று இருந்துவிடக் கூடாது. மின்சாரமே சில செல்களைக் கொல்லும். பச்சை ஒளிர்புரதத்தின் மரபணு மட்டும் உள்ள பிளாஸ்மிட்டை (வட்ட வடிவ டிஎன்ஏ) தனியாக ஏற்றிய கருக்களும் ஒப்பீட்டுக்கு வேண்டும். சாதாரண பிளாஸ்மிட் செல் பிரியப் பிரிய நீர்த்துப்போகும் என்பதால், பல நாள் கழித்து ஒளி மங்கினால் ஏற்றிய செல்கள் செத்துவிட்டன என்று முடிவு கட்டவும் வேண்டாம்.

பலரும் கண்டுகொள்ளாதது பாலினம். பறவையில் ஆண் இசட்இசட், பெண் இசட்டபிள்யூ. பாலூட்டிகளில் எக்ஸ் குரோமோசோமுக்கு நடப்பதுபோல இசட் குரோமோசோமின் அளவு வித்தியாசம் (ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று) முழுதாக ஈடுகட்டப்படுவதில்லை. அதிலுள்ள பல மரபணுக்கள் ஆணில் கூடுதலாகவே வெளிப்படும். தொடக்க நாட்களில் வெளித்தோற்றத்தை வைத்துப் பாலினம் சொல்ல முடியாது. ஒரு குழுவில் தற்செயலாக ஆண் கருக்கள் கூடிவிட்டால், அந்த மரபணுக்களெல்லாம் சோதனையால் ஏறியதுபோலத் தெரியும். மூளைகளை ஒன்றாகக் கலக்கும் முன், ஒவ்வொரு கருவிலிருந்தும் துளி திசு எடுத்து டபிள்யூ குரோமோசோம் இருக்கிறதா என்று பிசிஆரில் (டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டறியும் சோதனை) பார்த்துவிடுங்கள்.