மூளைக்காய்ச்சல் தேறிய குழந்தைக்குக் கை தட்டிப் பார்க்காதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் குழந்தைகளின் செவித்திறனைச் சோதிப்பது என் தொழில். மூளையுறை அழற்சியிலிருந்து, அதாவது ஊரார் சொல்லும் மூளைக்காய்ச்சலிலிருந்து, பிழைத்த குழந்தையின் முதுகுக்குப் பின்னால் நின்று, தொழிலுக்குப் புதியவர்கள் கை தட்டுவதைக் கண்டால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. நானும் செய்த தவறு அது.

கை தட்டிப் பார்ப்பது

டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியிலிருந்து வந்த ஒன்றரை வயதுப் பையன். அவனுக்கு மூளைக்காய்ச்சலைத் தந்தது நியூமோகாக்கஸ் என்ற கிருமி. காய்ச்சல் இறங்கி வீட்டுக்குப் போகும் நாளில், "கூப்பிட்டால் திரும்பமாட்டேன் என்கிறானம்மா" என்றார் அவனுடைய ஆயா, அதாவது பாட்டி. பின்னால் போய்ப் பலமாகத் தட்டினேன். திரும்பினான். 'கேட்கிறது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

எதிரே இருந்த கண்ணாடிக் கதவில் என் கை அசைந்ததைக் கண்டுதான் திரும்பியிருக்கிறான். நான்கு மாதம் கழித்து முறையாகச் சோதித்தபோது இரண்டு காதும் கேட்கவில்லை.

அந்த நான்கு மாதம்தான் பெரிய இழப்பு. உட்காதில் நத்தைக் கூடு போலச் சுருண்டிருக்கும் காக்ளியாவுக்குள் நீர் நிறைந்திருக்கும். மூளையைச் சுற்றியுள்ள நீரிலிருந்து அழற்சி அங்கே பரவினால், முதலில் தழும்புத் திசுவும் பிறகு எலும்பும் வளர்ந்து உள்வழியை அடைத்துவிடும். சில வாரங்களிலேயே இது தொடங்கிவிடலாம். காது கேளாதவருக்கு ஒலியை உணர்த்த உட்காதில் பொருத்தும் காக்ளியர் கருவியின் கம்பி அந்த வழியாகத்தான் நுழைய வேண்டும். அவனுக்கு ஒரு காதில் பாதி தூரம் போயிற்று. மறு காதில் நுழையவே இல்லை.

குழந்தை தேறியதும், முடிந்தால் வீட்டுக்கு அனுப்பும் முன்பே, எப்படியும் நான்கு வாரத்துக்குள் சோதியுங்கள். தூங்கும்போது நெற்றியிலும் காதுக்குப் பின்னும் மின்முனை ஒட்டி, ஒலிக்கு மூளைத்தண்டு காட்டும் அலைகளைப் பதிவு செய்யுங்கள். கடுமையான குறை தெரிந்தால் அன்றே காக்ளியர் கருவி பொருத்தும் குழுவுக்கு எழுதுங்கள்.

தள்ளாட்டத்தைப் பலவீனம் என்பது

நடந்துகொண்டிருந்த குழந்தை மறுபடி தவழ்ந்தால் உட்காதைச் சந்தேகியுங்கள். உடலின் சமநிலையைக் காப்பதும் அதுதான். அந்தப் பையன் கட்டில் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டுதான் நின்றான். பார்த்தும் நான் கேட்கவில்லை.

தலை ஸ்கேனுக்காக முதல் ஆன்டிபயாடிக் ஊசியை நிறுத்தி வைப்பது

கூடவே கூடாது.

தடுப்பூசி போட்டாயிற்றே என்பது

தென்னாப்பிரிக்காவில், மூளைக்காய்ச்சல் தரும் இன்னொரு கிருமியான ஹிப்புக்கான தடுப்பூசி 1999-இலும் நியூமோகாக்கஸ் தடுப்பூசி 2009-இலும் வந்தன. நோய் வெகுவாகக் குறைந்தது. ஆனால் நியூமோகாக்கஸில் நூறு வகைக்கு மேல் உண்டு. தடுப்பூசி அவற்றில் சிலவற்றைத்தான் தடுக்கும்.

வீட்டார் சொன்னதை எழுதாமல் விடுவது

ஆயா சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள்.