உறுதிமொழியைச் சிறு குழந்தைகளுக்குப் பொருளுடன் கற்பிப்பது எப்படி?

ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் காலை வணக்கக் கூட்டத்தில் ‘இந்தியா எனது நாடு’ என்று கை நீட்டி உரக்கச் சொல்கிறார்கள். அதில் வரும் ‘பழம்பெருமை’ என்றால் என்னவென்று கேட்டுப் பாருங்கள். பழத்தைப் பற்றிய பெருமை என்று ஏதாவது ஒரு குழந்தை சொல்லும். அது குழந்தையின் பிழையன்று. மனப்பாடத்தை முதலில் கொடுத்துவிட்டுப் பொருளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நாம் தள்ளிவைத்ததன் விளைவு அது.

பைடிமர்ரி வேங்கட சுப்பாராவ் 1962-இல் தெலுங்கில் எழுதிய இவ்வுறுதிமொழியை, வாரத்துக்கு ஒரு வாக்கியமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் வாக்கியத்திலிருந்து தொடங்க வேண்டாம். ஆறு வயதுக் குழந்தைக்கு ‘நாடு’ என்பது கண்ணுக்குத் தெரியாத பொருள். பெற்றோர், ஆசிரியர், வயதில் மூத்தோர் ஆகியோரை மதிப்பேன் என்னும் பகுதியிலிருந்து தொடங்கினால், தனக்குத் தெரிந்த முகங்களிலிருந்து தெரு, ஊர், நாடு எனக் குழந்தையின் எண்ணம் மெல்ல விரியும்.

அதிக நேரம் தர வேண்டியது ‘உடன் பிறந்தவர்கள்’ என்னும் சொல்லுக்குத்தான். “அவன் என் அண்ணன் இல்லையே” என்று குழந்தை மறுத்தால் மகிழுங்கள். அது சிந்திக்கத் தொடங்கிவிட்டது. வீட்டில் தம்பிக்கு என்னவெல்லாம் செய்வாய் என்று கேட்டு, அதில் ஒன்றை வகுப்பில் செய்யச் சொல்லுங்கள். பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வேலைக்கு வந்த பெற்றோரின் பிள்ளை உங்கள் வகுப்பில் இருந்தால், ‘தண்ணீர்’ என்பதற்கு அப்பிள்ளையின் மொழியில் உள்ள சொல்லை எல்லோரும் கற்றுக்கொள்ளட்டும். ‘பன்முக மரபு’ என்பதற்குத் தனி விளக்கம் தேவைப்படாது.

கொடியின் நிறங்களைச் சொல்லிக் கொடுப்பது எளிது. சக்கரத்தின் 24 ஆரங்களை வரைவதில்தான் குழந்தைகள் தடுமாறுவார்கள். கடிகார முகத்தை வரையச் சொல்லி, நடுவிலிருந்து 12 எண்களுக்கும் கோடு இழுத்து, ஒவ்வோர் இடைவெளியிலும் மேலும் ஒரு கோடு போடச் செய்தால் 24 வந்துவிடும்.

நாணயத்தில் உள்ள சின்னத்தைக் காட்டினால் மூன்று சிங்கங்களே தெரியும். நான்கு குழந்தைகளை முதுகோடு முதுகு சேர்த்து நிற்கவைத்து மற்றவர்களைச் சுற்றிவரச் சொல்லுங்கள். சாரநாத் தூணின் நான்காம் சிங்கம் எங்கே மறைந்திருக்கிறது என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். ‘வாய்மையே வெல்லும்’ என்பதைக் கற்பிக்கும் வாரத்தில், பென்சிலை உடைத்தது நான்தான் என்று ஒப்புக்கொள்ளும் குழந்தையைத் தயவுசெய்து கடிந்துகொள்ளாதீர்கள். அங்கே திட்டு விழுந்தால் அந்தப் பாடம் முழுவதும் வீணாகிவிடும்.

நாட்டுப்பண் முழுவதையும் பாட ஏறத்தாழ 52 நொடிகள் ஆகும். அசையாமல் நிற்பதைத் தண்டனையாக்காமல், மரியாதை காட்டும் முறையாகப் பழக்குங்கள். ஆகஸ்ட் 15 விழா முடிந்ததும் காகிதக் கொடிகள் தரையில் மிதிபடாதபடி, ஒரு பெட்டியுடன் இரண்டு குழந்தைகளை அனுப்பி அவற்றைச் சேகரிக்கச் சொல்லுங்கள்; ஏன் சேகரிக்கிறோம் என்பதை மற்றவர்களுக்கு அவர்களே விளக்கட்டும்.