ஆறு அங்குலத் திரையும் ஐந்நூறு பிடிஎஃபும்: இ-ரீடர் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் அக்கா மகன் வீட்டுக்கு வந்தான். உட்கார்ந்ததும் உட்காராததுமாகப் பையிலிருந்து புது இ-ரீடரை எடுத்து நீட்டி, "மாமா, இதுல எழுத்த எப்படிப் பெருசாக்குறது?" என்றான். திரையில் ஏதோ ஒரு பழைய இலக்கண நூலின் ஸ்கேன். எழுத்தெல்லாம் கடுகு சிந்தினாற்போல இருந்தது. அவனே இரண்டு விரலால் விரித்துக் காட்டினான். திரை ஒருமுறை கறுத்து வெளுத்தது. வரியின் முன்பாதி தெரிந்தது. பின்பாதிக்காக நகர்த்தினான், மறுபடி கறுத்து வெளுத்தது. அடுத்த வரிக்கு இடப்பக்கம் இழுத்தான், மறுபடியும்.

நான் எதுவும் சொல்லவில்லை. சில வருடங்களுக்கு முன் இதே கூத்தை மூன்று வாரம் ஆடியவன் நான். அதற்கப்புறம் வாசகர் வட்டத்தில், அலுவலகத்தில், ரயிலில் என்று எத்தனை பேர் அதே பள்ளத்தில் விழுவதைப் பார்த்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். தள்ளுபடி வரும்வரை பொறுங்கள், உத்தரவாதச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள் போன்ற அறிவுரையெல்லாம் இதில் வராது.

பிடிஎஃப் படிப்பதற்கு ஆறு அங்குலக் கருவி வாங்குவது

மெய்ப்புத் திருத்துவது என் பிழைப்பு. பகலெல்லாம் கணினித் திரை. இரவில் கண் கூசாமல் படிக்க ஒன்று வேண்டும் என்றுதான் முதல் கருவியை வாங்கினேன். அது வருவதற்கு முன்பே பென்டிரைவில் ஐந்நூறு பிடிஎஃப் தயாராக இருந்தது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்திலிருந்து கொஞ்சம், நூலகம் தளத்திலிருந்து ஈழத்து இதழ்கள் கொஞ்சம், நண்பர்கள் கொடுத்தது மீதி. அத்தனையும் ஸ்கேன். கடைக்காரரிடம், "பிடிஎஃப் ஓடுமா?" என்று கேட்டேன். "எல்லாம் ஓடும் சார்" என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. ஓடியது. படிக்கத்தான் முடியவில்லை.

காரணம் எளிய கணக்கு. ஆறு அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளவு. ஸ்கேலை வைத்துப் பார்த்தால் திரை அகலம் 9 சென்டிமீட்டர், உயரம் 12 சென்டிமீட்டர், அவ்வளவுதான். நம் ஊர் டெம்மி அளவுப் புத்தகம் ஏறத்தாழ 14-க்கு 21.5. அந்தப் பக்கத்தை முழுதாகத் திரைக்குள் அடக்கினால் பாதிக்குச் சற்று மேலே சுருங்கும். அச்சில் 11 பாயின்ட்டில் இருந்த எழுத்து 6 பாயின்ட் ஆகிவிடும். ஏ4 தாளில் செய்த பிடிஎஃப் என்றால் நாலரை பாயின்ட். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் காகிதத்தில் இருப்பதே இதைவிடப் பெரிது.

"300 பிபிஐ போட்டிருக்கே" என்றான் மருமகன். அங்குலத்துக்கு 300 புள்ளி என்பது எழுத்தின் கூர்மையைச் சொல்கிறது, அளவை அல்ல. கூர்மையாக அச்சடித்த பொடியெழுத்தும் பொடியெழுத்துதான்.

இ-ரீடர் என்றாலே எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். ஈபப், கிண்டில் போன்ற மின்நூல் கோப்புகளுக்கு அது சரி. அவற்றில் எழுத்து எழுத்தாகவே இருக்கிறது. நீங்கள் கேட்கும் அளவுக்கு ஏற்றபடி கருவி வரிகளை மறுபடி அடுக்கும். ஸ்கேன் பிடிஎஃபில் இருப்பது பக்கத்தின் புகைப்படம். படத்தில் எழுத்தை மட்டும் பெரிதாக்க முடியாது, முழுப்படத்தையும்தான் பெரிதாக்கலாம். போனிலும் டேப்லெட்டிலும் அப்படிப் பெரிதாக்கி நகர்த்திப் படித்துப் பழகிவிட்டோம். மின்மைத் திரையில், அதாவது இ-ரீடர்களில் இருக்கும் இ-இங்க் திரையில், அது நரகம். அங்கே கறுப்பு, வெள்ளைத் துகள்கள் உண்மையிலேயே இடம் மாறி உட்கார வேண்டும். பக்கத்துக்கு ஒருமுறை என்றால் தெரியாது, வரிக்கு இரண்டுமுறை என்றால் கண் போய்விடும்.

அந்த மூன்று வாரமும் நான் என்னென்னவோ செய்து பார்த்தேன். முதலில் கருவியைப் படுக்கவாட்டில் திருப்பினேன். அகலம் 12 சென்டிமீட்டர் ஆனது, எழுத்து கிட்டத்தட்ட அச்சளவுக்கு வந்தது, சந்தோஷம். ஆனால் ஒரு பக்கம் மூன்று திரையாக உடைந்தது. ஒவ்வொரு திரையின் அடியிலும் ஒரு வரி பாதி வெட்டுப்பட்டு, கொம்பும் காலும் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

அடுத்து, விளிம்பை வெட்டினேன். இது நல்ல உபாயம், இன்றும் செய்கிறேன். டெம்மி பக்கத்தில் எழுத்து நிற்கும் கட்டம் ஏறக்குறைய பத்தரைக்கு பதினேழு சென்டிமீட்டர்தான், மீதி வெற்றுக் காகிதம். அதை வெட்டியும் ஆறு அங்குலத்துக்குப் போதவில்லை.

பிறகு கே2பிடிஎஃப்ஆப்ட் என்ற மென்பொருள். ஸ்கேன் படத்தைச் சொல் சொல்லாகக் கத்தரித்து, சிறிய பக்கத்தில் மறுபடி ஒட்டித் தரும். சுத்தமான உரைநடை ஸ்கேனுக்கு அருமையாக வேலை செய்யும். நான் கொடுத்தது பழுப்பேறி, கொஞ்சம் சாய்ந்து ஸ்கேனான ஓர் உரைநூல். வெண்பாவின் கடைசி அடியில் இருக்கும் மூன்று சீரும் கீழேயிருந்த பதவுரையோடு ஒட்டிக்கொண்டன. அடிக்குறிப்பு ஒன்று செய்யுளுக்கு நடுவில் வந்து உட்கார்ந்தது. பிழை திருத்திப் பிழைக்கிறவனுக்கு அதைப் பார்த்ததும் வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

கடைசியாக, ஸ்கேன் அல்லாத பிடிஎஃப்களையாவது கேலிபர் என்ற மென்பொருளில் போட்டு ஈபப்பாக மாற்றலாம் என்று பார்த்தேன். பழைய கோப்புகள் பாமினியிலும் வானவில்லிலும் தட்டச்சானவை. யூனிகோடு பரவலாவதற்கு முன்னால், ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை ஒட்டவைத்த எழுத்துருக்கள் அவை. மாற்றியதும் ஒட்டு கழன்றது. பாமினியில் 'அம்மா' இருந்த இடத்தில் நாலு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும் நின்றன. முந்நூறு பக்கம் அப்படியே.

இதையெல்லாம் செய்துவிட்டுத்தான், முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். கடைசியாகப் படித்த பத்து நூலை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எந்த வடிவில் கிடைத்தது என்று குறித்தேன். அச்சு இரண்டு, ஈபப் ஒன்று, ஸ்கேன் ஏழு. இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எந்தக் கருவியும் பாருங்கள். பத்தில் மூன்றுக்குமேல் ஸ்கேன் இருந்தால் ஆறு அங்குலத்தை நினைத்தே பார்க்காதீர்கள். விளிம்பை வெட்டிப் படிக்கச் சம்மதம் என்றால் 7.8 அங்குலம் போதும். திரை உயரம் கிட்டத்தட்ட 16 சென்டிமீட்டர், டெம்மி எழுத்துக் கட்டம் அச்சளவுக்குப் பக்கத்தில் வந்துவிடும். 10.3 அங்குலம் என்றால் வெட்டவே தேவையில்லை, புத்தகம் புத்தகமாகவே தெரியும். ஏ4 ஆய்வேடுகள்தான் உங்கள் சாப்பாடு என்றால் 13.3. விலை ஏறிக்கொண்டே போகும், தெரியும். ஆனால் ஆறு அங்குலம் வாங்கி, அதை மூலையில் போட்டுவிட்டு, பத்து அங்குலம் வாங்கியவன் செலவழித்தது அதைவிட அதிகம்.

இன்னொன்று. ஸ்கேனாக வைத்திருக்கும் நூல் எழுத்துவடிவில் கிடைக்கிறதா என்று முதலில் தேடுங்கள். சங்க இலக்கியம், காப்பியங்கள் என்றால் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணைய நூல்தொகுப்பில் பெரும்பாலும் இருக்கும். நாட்டுடைமையான நூல்கள் பல விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்க்கப்பட்டு, ஈபப்பாகவே இறங்கும். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் ஈபப்போடு, ஆறு அங்குலத் திரைக்கென்றே செய்த பிடிஎஃபும் வைத்திருக்கிறார்கள். என் வலி தெரிந்த யாரோ செய்த வேலை அது. என் ஐந்நூறில் எழுபதுக்கு மேல் இப்படி மாற்றாக அகப்பட்டது. நான் அதைத் தேடியது கருவி வாங்கி ஒரு வருடம் கழித்து.

தமிழை வைத்துப் பார்க்காமல் வாங்குவது

கடையில் ஆங்கில நாவலைத் திறந்து காட்டுவார்கள். அழகாகத்தான் இருக்கும். உங்கள் கோப்பு ஒன்றைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். 'கொக்கு', 'கோயில்', 'கௌரவம்' மூன்றும் போதும். கணினியில் 'க' முதலிலும் கொம்பு அதற்குப் பின்னாலும் சேமிக்கப்படும். கொம்பை முன்னால் கொண்டுவந்து, காலைப் பின்னால் போடுவது கருவியின் பொறுப்பு. அது தெரியாத கருவியில் கொம்பு ஒரு புள்ளி வட்டத்தைக் கட்டிக்கொண்டு தனியே நிற்கும்.

எழுத்துரு பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம், அதற்கு வழி உண்டு. கிண்டில், கோபோ கருவிகளில் எழுத்துருக்களுக்கான ஃபோல்டரில் உங்களுக்குப் பிடித்த தமிழ் எழுத்துருவைப் போட்டுக்கொள்ளலாம். நான் நோட்டோ செரிஃப் போட்டிருக்கிறேன்.

ஆங்கிலத்தில் வரும் பரிந்துரைகள் சொல்லாத ஒன்றும் உண்டு. நம் சொற்கள் நீளம். 'எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு' என்று ஒரு சொல் வந்தால், எழுத்தைப் பெரிதாக வைத்திருக்கும் சிறிய திரையில் ஒரு வரியே அதற்குப் போய்விடும். மேல்வரியில் இரண்டு சொல், நடுவில் கிணறு போல வெற்றிடம். கண்ணாடி போட்டும் பெரிய எழுத்துத் தேவைப்படுகிறவர்கள், நாவல் மட்டும் படிப்பவர்களானாலும் ஏழு அங்குலம் வாங்குங்கள். ஒரு அங்குலம்தானே என்று தோன்றும். சில வரிகளில் ஒரு சொல் கூடும், அது பெரிய விஷயம். இரண்டு பக்கமும் நேராக்கும் வசதியை அணைத்துவிட்டு, இடப்பக்கம் மட்டும் ஒழுங்காக இருக்கும்படி வையுங்கள்; கிணறு மறைந்துவிடும்.

கருவியைப் பார்த்துவிட்டுப் புத்தகக் கடையைப் பார்க்காதது

ஒரு கடையில் பூட்டுப் போட்டு விற்ற மின்நூல் இன்னொரு நிறுவனத்தின் கருவியில் பெரும்பாலும் திறக்காது. அமேசான் 2016 டிசம்பரில் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழி நூல்களைக் கிண்டிலில் விற்கத் தொடங்கியது. காசு கொடுத்துத் தமிழ் மின்நூல் வாங்கிப் படிப்பவர்கள் பெரும்பாலும் அங்கேதான் வாங்குகிறார்கள். ஆகவே புது நாவல்கள் வேண்டுமென்றால் கிண்டில். கையிலிருக்கும் கோப்புகளைத்தான் படிக்கப்போகிறீர்கள் என்றால் எதுவும் சரி, ஆண்ட்ராய்டு ஓடும் இ-ரீடர்கள் இன்னும் சவுகரியம். நீங்கள் படிக்க நினைக்கும் பத்து எழுத்தாளர்களைக் கடையில் தேடிப் பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள். தமிழில் மின்நூலே போடாத பதிப்பகங்கள் இன்னும் இருக்கின்றன.

வார இதழுக்காக வண்ணத்திரை

வாங்காதீர்கள். கெலைடோ 3 என்ற வண்ண மின்மைத் திரையில் கறுப்பெழுத்து 300 புள்ளி, வண்ணம் 150தான். மேலே வண்ண வடிகட்டி ஒட்டியிருப்பதால் வெள்ளைத் தாள் சாம்பல் பூசியதுபோலத் தெரியும்; விளக்கைப் பெரும்பாலும் போட்டே படிக்க வேண்டும். இதழ்களுக்கு டேப்லெட்டே மேல்.

எத்தனை ஜிபி

நாவல் மட்டும் என்றால் இருப்பதில் குறைந்ததே போதும். ஸ்கேன் என்றால் ஒரு நூலே 100 எம்பி வரும், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

குறிப்பெழுதும் பேனா

இன்றைக்குப் புத்தக ஓரத்தில் பென்சிலால் எழுதாதவர் நாளைக்கு அதில் எழுதப்போவதில்லை.

உறை இல்லாமல் பையில் போடுவது

சாதாரண மின்மைத் திரைக்கு அடியில் இருப்பது மெல்லிய கண்ணாடி. வெளியே கீறல்கூட விழாது, உள்ளே விரிசல் ஓடிவிடும். திரை மாற்றும் செலவைக் கேட்டால் புதிதாகவே வாங்கிவிடலாம் என்று தோன்றும். என் முதல் கருவி அப்படித்தான் போனது, திருச்சி போகும் பேருந்தில், டிபன் பாக்ஸுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் நடுவில். மின்சாரம் இல்லாமலும் எழுத்தை அப்படியே நிறுத்திவைக்கும் திரை அல்லவா, உடைந்தபோது இருந்த பக்கத்தின் மேல்பாதி இன்னும் அதில் நிற்கிறது. ஏழு வரி. அதிலும் கடைசி வரி பாதி வெட்டுப்பட்டது. மருமகனிடம் மேசையறையிலிருந்து அதை எடுத்துக் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, பழக்கதோஷத்தில் இரண்டு விரலால் விரித்தான்.